காற்றால் ஓடும் இன்ஜின் காற்றால் நிற்பது ஏன்?

கேள்வி: மேலகரத்தில் குடியிருந்துகொண்டு தென்காசியில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரையில். அங்கே என் அண்ணன் ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின் பூட்டிய வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறார். பத்துக் குதிரைத்திறன் இன்ஜின். டேங்க் அதற்கு ஒரு முழம் மேலே பலகையில் இருக்கிறது. மூன்று மாதமாக அந்த இன்ஜின் பாடாய்ப் படுத்துகிறது. கரையிலிருந்து கிளம்பும்போது நன்றாக ஓடுகிறது. பத்து நிமிடத்தில் ஏறி இறங்கி ஓட ஆரம்பித்து, திணறி, நின்றுவிடுகிறது. அண்ணன் பம்பின் நட்டைத் தளர்த்தி 'ஏர் எடுத்து', கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்கிறார். டேங்க் நிறைய டீசல் ஊற்றிய அன்றுதான் தொல்லை அதிகம்; பாதி டேங்கில் அவ்வளவாக இல்லை. டீசலில்தான் கோளாறு என்று பங்கை மாற்றிப் பார்த்தார், பயனில்லை. மெக்கானிக் இன்ஜினைக் கழற்றிக் கொண்டுபோய், தனிக் கேனில் டீசல் வைத்து ஒரு மணி நேரம் ஓட்டினார். ஒரு குறையும் இல்லை. 'பம்பு வீக்' என்று சொல்லி, பம்பையும் நாசிலையும் பிரித்துச் சரிபார்த்ததில் நல்ல செலவு. கடலுக்குப் போனால் மீண்டும் அதே கதை. போன மழையில் டேங்குக்குள் தண்ணீர் வந்துவிட்டதால், அண்ணன் பழைய டியூப் ரப்பரை வட்டமாக வெட்டி மூடிக்குள் வைத்து இறுக்கிவிட்டார். ஆகவே இப்போது தண்ணீர் போக வழியே இல்லை. என் சந்தேகம் இதுதான்: காற்று இல்லாமல் எந்த இன்ஜினும் ஓடாது. அப்படியிருக்க, காற்று புகுந்தால் இன்ஜின் நிற்கும் என்கிறார்களே, அது எப்படி? புதுப் பம்பு வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: தென்காசிப் பக்கத்திலிருந்து படகு இன்ஜினைப் பற்றிக் கேள்வி வருவது அபூர்வம். நமக்குப் படகு என்றால் குற்றாலம் ஐந்தருவிச் சாலையில் வெண்ணமடைக் குளத்தில் சீசனுக்கு விடும் மிதிபடகும் துடுப்புப் படகும்தான். அவற்றுக்கு டீசல் வேண்டாம். ஆனால் உங்கள் அண்ணன் வள்ளத்தில் இருக்கும் இன்ஜினும் நம் வயற்காட்டுக் கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜினும் ஒரே குடும்பம். கிணற்றடி இன்ஜின்களோடு முப்பது வருடம் பழகியவன் என்ற உரிமையில் பதில் எழுதுகிறேன். நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அதற்கான விடையையும் உங்கள் கடிதத்திலேயே எழுதி அனுப்பிவிட்டீர்கள். அது எந்த வரியில் இருக்கிறது என்று சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

முதலில் பம்பின் மேல் விழுந்த பழியைத் துடைத்துவிடுவோம். தேய்ந்த பம்புக்கென்று சில குணங்கள் உண்டு. ஸ்டார்ட் ஆகவே அடம்பிடிக்கும். சூடான இன்ஜினை நிறுத்திவிட்டு உடனே எடுத்தால் இன்னும் அதிகமாக அடம்பிடிக்கும். எந்நேரமும் இழுவை குறைந்தே இருக்கும். பத்து நிமிடம் நன்றாக உழைத்துவிட்டுப் பதினோராவது நிமிடம் அது தேய்ந்துபோவதில்லை. டேங்கில் எவ்வளவு டீசல் இருக்கிறது என்பதும் அதற்குத் தெரியாது. கடையில் சுமையில்லாமல் ஓடியதால்தான் குறை தெரியவில்லை என்று மெக்கானிக் சொல்லலாம்; நியாயமான பேச்சுத்தான். ஆனால் அதே பம்பு அதே கடலில், அதே சுமையோடு, பாதி டேங்கில் மட்டும் எப்படித் தேறிவிடுகிறது? இந்த ஒரு கேள்விக்குப் பம்பின் பக்கத்தில் பதில் இல்லை.

பங்க் டீசலும் அப்படியே. கெட்ட டீசல் முழு டேங்கிலும் கெட்டதுதான், பாதி டேங்கிலும் கெட்டதுதான். டீசல் ஊற்றிய அன்று இன்ஜின் நின்றால் டீசலைச் சந்தேகிப்பது மனித இயல்பு. ஊற்றப்பட்டது என்ன என்பதை எல்லோரும் பார்த்தார்கள். ஊற்றியதால் டேங்குக்குள் குறைந்துபோனது என்ன என்பதை யாரும் பார்க்கவில்லை. அதற்கு வருமுன் உங்கள் காற்றுச் சந்தேகத்தைத் தீர்க்க வேண்டும்.

டீசல் இன்ஜினுக்குள் இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று காற்றின் பாதை: வெளிக்காற்று ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் போகிறது. பிஸ்டன் அதைப் பதினைந்து, இருபது மடங்கு சிறிய இடத்துக்குள் அமுக்குகிறது. அந்த அமுக்கத்தில் காற்று 500 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சூடாகிறது. டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது; இந்தச் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. ஆகவே நீங்கள் சொன்னது முழுக்கச் சரி, காற்று இல்லாமல் இன்ஜின் இல்லை.

மற்றது டீசலின் பாதை: டேங்க், ஹோஸ், ஃபில்டர், பம்பு, அங்கிருந்து விரல் தடிமன்கூட இல்லாத இரும்புப் பைப், கடைசியில் நாசில். நாசில் என்பது டீசலைப் புகைபோலத் தூவும் நுண்துளை முனை. அதற்குள் ஸ்பிரிங் அழுத்திப் பிடித்த ஓர் ஊசி துளையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. உங்கள் அண்ணனுடையது போன்ற சிறிய இன்ஜினில் அந்த ஸ்பிரிங்கைத் தள்ளித் திறக்க ஏறத்தாழ 200 வளிமண்டல அழுத்தம் வேண்டும். கார் டயரில் இருக்கும் அழுத்தத்தைப் போல நூறு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று வரக்கூடாத பாதை இதுதான்.

ஏன் வரக்கூடாது? வீட்டில் ஊசியில்லாத ஒரு மருந்து சிரிஞ்ச் இருந்தால் எடுத்துத் தண்ணீரை நிரப்பி, முனையை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். தண்டு அசையாது, அத்தனை விசையும் விரலில் வந்து முட்டும். அடுத்து வெறும் காற்றை இழுத்துக்கொண்டு அதையே செய்யுங்கள். தண்டு சாவகாசமாக உள்ளே போகும், கையை எடுத்தால் திரும்பி வரும். தண்ணீரும் டீசலும் அமுங்குவதில்லை. கொடுத்த தள்ளலை அப்படியே கடத்திவிடும். காற்று அமுங்கிக்கொள்ளும். பம்புக்குள் சின்னக் குமிழ் ஒன்று இருந்தாலும், பம்பு தள்ளும்போது அது சுருங்கி, பம்பு பின்வாங்கும்போது விரிந்துகொள்கிறது. நாசில் வாயில் 200 வளிமண்டல அழுத்தம் சேர்வதே இல்லை. பம்பு வேலை செய்துகொண்டே இருக்கும், சிலிண்டருக்குள் ஒரு துளியும் விழாது. இதைத்தான் 'ஏர் லாக்' என்கிறோம், அதாவது காற்று புகுந்து டீசலின் பாதை பூட்டிக்கொள்வது. கார் பிரேக் பைப்பில் காற்று புகுந்தால் மிதி பஞ்சுபோல அமுங்குவதும் இதே காரணத்தால்தான்.

எவ்வளவு சிறிய குமிழ் போதும் என்பதற்கு ஒரு கணக்கு. பத்துக் குதிரைத்திறன் இன்ஜின் முழுச் சுமையில் மணிக்குச் சுமார் இரண்டேகால் லிட்டர் டீசல் குடிக்கும். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில், இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் டீசல் பாயும். மணிக்கு 90,000 முறை. வகுத்துப் பாருங்கள்: ஒரு தடவைக்குப் பாய்வது அரைச் சொட்டு டீசல். அரைச் சொட்டை அளந்து கொடுக்கும் கருவிக்கு, ஒரு மிளகு அளவுக் காற்று பெரிய மலை.

இதில் ஒரு வரலாற்று வேடிக்கையும் உண்டு. 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் தம் இன்ஜினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டியபோது, எரிபொருளை சிலிண்டருக்குள் ஊதித் தள்ளியது காற்றுத்தான். அதற்கென்று தனிக் கம்ப்ரஸர், அதாவது காற்றை அமுக்கிச் சேர்க்கும் இயந்திரம், பக்கத்திலேயே பூட்டியிருந்தார்கள். இன்ஜின் கனமாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். காற்றின் துணையில்லாமல் டீசலை மட்டும் அழுத்திப் பாய்ச்சும் பம்பை பாஷ் நிறுவனம் 1927-இல் தொழிற்சாலை அளவில் செய்யத் தொடங்கியது. டீசல் இன்ஜின் லாரிகளிலும் டிராக்டர்களிலும் பரவலானது அதன் பிறகுதான். காற்றின் உதவியை விட்ட நாளிலிருந்து அந்தப் பாதையில் காற்று பகையாளி.

சரி, உங்கள் அண்ணன் பம்பு நட்டைத் தளர்த்தியதும் நுரை நுரையாகக் காற்று வருகிறது. அதைப் பார்த்தவர்கள் பம்பைச் சந்தேகித்தார்கள். காற்று வெளியே வந்தது பம்பில். உள்ளே போனது வேறிடத்தில்.

இனி உங்கள் கடிதத்தின் அந்த வரிக்கு வருகிறேன்: 'பழைய டியூப் ரப்பரை வட்டமாக வெட்டி மூடிக்குள் வைத்து இறுக்கிவிட்டார்.'

எண்ணெய் டின்னை உடைத்துப் பழகியவர்களுக்கு இது உடனே புரியும். குற்றாலத்தில் சீசன் நாளில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். புது டின்னை எடுத்தால் ஒரு மூலையில் ஓட்டை போட்டுவிட்டு, எதிர் மூலையில் இன்னொன்றும் போடுவார்கள். ஒரு ஓட்டை மட்டும் என்றால் எண்ணெய் 'களக் களக்' என்று விக்கி விக்கி வரும். இரண்டாவது ஓட்டை எண்ணெய்க்கு அல்ல, காற்றுக்கு. வெளியேறும் எண்ணெயின் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போனால்தான் எண்ணெய் ஒழுங்காக இறங்கும். டீசல் டேங்குக்கும் அப்படி ஓர் ஓட்டை வேண்டும். சிறிய டேங்குகளில் அது பெரும்பாலும் மூடியிலேயே குண்டூசி நுழையும் அளவில் இருக்கும், மூச்சுத்துளை என்பார்கள். உங்கள் அண்ணன் ரப்பரை வளையமாக வெட்டியிருந்தால் விளிம்பு மட்டும் இறுகியிருக்கும், மூச்சுத்துளை பிழைத்திருக்கும். வட்டமாக வெட்டினார், துளை அடைபட்டது.

இப்போது உங்கள் அடையாளங்கள் ஒவ்வொன்றும் தானாக வந்து பொருந்துவதைப் பாருங்கள். டேங்க் இருபது லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். நிறைய ஊற்றிய அன்று டீசலுக்கு மேலே இரண்டு லிட்டர் காற்றுத்தான் மிஞ்சியிருக்கும். முழு ஓட்டத்தில் பத்து நிமிடத்தில் ஏறத்தாழ 370 மில்லி டீசல் செலவாகிறது. வெளியிலிருந்து காற்று வர வழியில்லை. அந்த இரண்டு லிட்டர் காற்றே விரிந்து 2.37 லிட்டர் இடத்தை நிரப்ப வேண்டும். டேங்குக்குள் அழுத்தம் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு விழுந்துவிடுகிறது. இந்த இழுப்பு, ஓர் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் டீசலின் கனத்துக்குச் சமம். உங்கள் டேங்க் இன்ஜினுக்கு மேலே இருப்பதோ ஒரு முழ உயரத்தில். கீழே இறங்க வேண்டிய டீசலை டேங்கே மேல்நோக்கிப் பிடித்து இழுக்கிறது.

பாதி டேங்கில் என்ன ஆகிறது? டீசலுக்கு மேலே பத்து லிட்டர் காற்று இருக்கிறது. அதே அளவு இழுப்பு சேரப் பத்து நிமிடம் போதாது. ஐந்து மடங்கு, ஐம்பது நிமிடம் ஆகும். ரப்பர் எவ்வளவு இறுகினாலும் அதன் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று கசியத்தான் செய்யும். ஐம்பது நிமிட அவகாசத்தில் அந்தக் கசிவே இழுப்பைத் தணித்துவிடும். நிறைய டீசல் ஊற்றிய அன்று அதிகம் நிற்பது இதனால்தான். டீசல் கூடியதால் வந்த வினை அல்ல, டேங்கில் காற்றிருக்கும் இடம் குறைந்ததால் வந்த வினை. நின்றபின் கொஞ்ச நேரம் காத்திருந்தால் மறுபடி ஓடுவதும் அந்தக் கசிவின் கருணையால். மெக்கானிக் கடையில் ஒரு மணி நேரம் ஓடியதன் காரணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை: தனிக் கேன், அதன் வாய் திறந்திருந்தது. இன்ஜினைக் கடைக்குக் கொண்டுபோனார்கள். குற்றவாளி மூடியாக வள்ளத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

அப்படியானால் பம்பில் காற்று எப்படி வந்தது என்று கேட்பீர்கள். இங்கேதான் பலரும் தடுமாறுவார்கள். டீசல் பைப்பில் ஓட்டை என்றால் டீசல் கசிந்து சொட்டும் என்றே நினைக்கிறோம். பம்பிலிருந்து நாசில் வரை அது உண்மை; அங்கே உள்ளே அழுத்தம் அதிகம். டேங்கிலிருந்து பம்பு வரை, மேலே சொன்ன இழுப்பு வந்துவிட்டால் உள்ளே அழுத்தம் வெளியைவிடக் குறைவு. ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது. காற்று உள்ளே போகும். இணைப்பு காய்ந்து சுத்தமாக இருக்கும், பார்த்தவர் 'இங்கே ஒன்றுமில்லை' என்று கடந்துபோவார். லேசாகத் தளர்ந்த ஹோஸ் கிளிப், முனையிலே வெடித்த பழைய ஹோஸ், பலமுறை முறுக்கித் தட்டையான செம்பு வாசர், ஃபில்டர் கிண்ணத்து ரப்பர் வளையம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று உங்கள் அண்ணன் இன்ஜினில் தளர்ந்திருக்கிறது. டேங்க் மூச்சுவிட்டுக்கொண்டிருந்த காலத்தில் அந்தத் தளர்ச்சி தொந்தரவு செய்யவில்லை. மூச்சை அடைத்ததும் அது காற்று வாயிலாகிவிட்டது.

இதை நான் எளிதாகக் கற்றுக்கொள்ளவில்லை. தொழில் பழகிய புதிதில், ஒரு பிசானப் பருவத்தில், தென்காசிக்குப் பக்கத்து வயலில் கிணற்றடி இன்ஜின் இதே மாதிரி நின்று நின்று ஓடியது. பயிர் தண்ணீருக்குக் காய்ந்துகொண்டிருந்தது. நான் பம்பைக் கழற்றிப் பிரித்து, கழுவி, மாட்டி, ஒரு பகல் முழுவதையும் தீர்த்தேன். சாயங்காலம் வந்த மூத்த மெக்கானிக் அண்ணாச்சி எதையும் தொடவில்லை. இன்ஜின் ஓடட்டும் என்று பீடியைப் பற்றவைத்துக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்தார். அது திணற ஆரம்பித்ததும் பீடியை அணைத்துவிட்டு வந்து டேங்க் மூடியைத் திருகினார். 'உஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தது. நிற்கப் போன இன்ஜின் நிமிர்ந்தது. மூடியின் துளையில் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. ஒரு ஈர்க்குச்சியில் முடிந்தது வேலை. அன்றைக்கு அந்த வயற்காரர் இழந்த ஒரு பகல் தண்ணீர் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. அதனால்தான் பம்பைக் கழற்று என்று யார் சொன்னாலும் முதலில் மூடியைத் திற என்கிறேன்.

உங்கள் அண்ணனும் அதையே செய்து பார்க்கட்டும். டேங்கை நிறைய நிரப்பி, கரைக்குப் பக்கத்திலேயே ஓட்டட்டும். இன்ஜின் ஏறி இறங்கத் தொடங்கியதும் மூடியை மெதுவாகத் திறக்கட்டும். 'உஸ்' என்ற சத்தம் கேட்டால் தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. கடல் இரைச்சலில் சத்தம் கேட்காமல் போகலாம். திறந்த சில நொடிகளில் இன்ஜின் தெளிந்தாலும் அதே தீர்ப்புத்தான். இடையே புகுந்த காற்று பம்புவரை போய்விட்டிருந்தால் மட்டும் ஒரு முறை ஏர் எடுக்க வேண்டியிருக்கும்.

'ஓட்டை வைத்தால் அலைத் தண்ணீர் உள்ளே போகுமே' என்று அவர் கேட்பார். நியாயமான கேள்வி, அந்தப் பயத்தில்தானே ரப்பரே வைத்தார். அதற்கு விசைப்படகுக்காரர்கள் செய்வதுதான் வழி. டேங்கின் மேல்தட்டில் ஒரு சிறு செம்புக் குழாயைப் பற்றவைத்து, குடைப்பிடிபோல வளைத்து, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி விட வேண்டும். வாயில் நுண்ணிய பித்தளை வலை. காற்று ஏறும், மேலிருந்து விழும் தண்ணீர் ஏறாது, குளவியும் போகாது. பற்றவைப்பதற்கு முன் டேங்கைக் காலிசெய்து, கழுவி, ஆவி போக விட்டாக வேண்டும். காலி டேங்கில் நிற்கும் ஆவி, டீசல் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது. அந்த வேலை தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது. அதுவரை, ரப்பரின் நடுவை வெட்டியெடுத்து வளையமாக்கினால் போதும். டியூப் ரப்பர் டீசலில் ஊறி உப்பி உதிரும், அந்தத் துணுக்குகள் ஃபில்டரை அடைக்கும். ஆகையால் நைட்ரைல் என்று கேட்டு, எண்ணெய் தாங்கும் ரப்பராக வாங்கி வெட்டட்டும். கையோடு கையாக ஹோஸ், கிளிப், வாசர்களையும் மாற்றிவிடட்டும். பழைய செம்பு வாசரைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மிருதுவாகி நன்றாகப் படியும் என்பது மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த சிக்கனம்.

தண்ணீரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன மழையில் டேங்கில் வந்த தண்ணீர் மூடி வழியாகத்தான் வந்தது என்று உறுதியாகத் தெரியுமா? பாதி டேங்க் இரவில் 'வியர்த்து' உள்ளே தண்ணீர் சேர்க்கும் என்று ஒரு பேச்சு ஊரெங்கும் உண்டு. கணக்குப் போட்டால் அது நிற்பதில்லை. முப்பது டிகிரியில் ஈரம் நிறைந்த பத்து லிட்டர் காற்று, இரவில் இருபத்து நாலு டிகிரிக்குக் குளிர்ந்தாலும் அதிலிருந்து இறங்கும் தண்ணீர் இரண்டு சொட்டுக்கும் குறைவு. ஒரு மாதம் சேர்ந்தாலும் அரைத் தேக்கரண்டிதான். தம்ளர் கணக்கில் தண்ணீர் வந்திருந்தால் அது வேறு வழியில் வந்திருக்கிறது.

அந்த வழியை நம்மூர்ச் சாரலில் பார்க்கலாம். ஆனி, ஆடியில் இங்கே பத்து நிமிடம் சாரல், பத்து நிமிடம் வெயில் என்று மாறி மாறி வரும். முற்றத்தில் டீசல் பீப்பாயை நிமிர்த்தி வைத்திருப்பார்கள். அதன் மேல் விளிம்பு உயர்ந்து, நடுப்பகுதி தட்டுப்போலக் குழிந்திருக்கும்; அந்தக் குழிவில் மழைத் தண்ணீர் நிற்கும், அதற்குள்ளேதான் மூடியும் இருக்கும். வெயில் அடித்தால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து, மூடியின் மரைவழியாகக் கொஞ்சம் வெளியேறும். சாரல் விழுந்து பீப்பாய் குளிர்ந்தால் உள்காற்று சுருங்கி வெளியிலிருந்து இழுக்கும். மூடியைச் சுற்றி நிற்பது தண்ணீராயிற்றே. முதலில் இழுபடுவது அதுதான். பாதி காலியான 200 லிட்டர் பீப்பாய், பத்து டிகிரி சூடேறி ஆறினால் மூன்று லிட்டர் காற்றளவுக்கு மூச்சு வாங்கும். மூடி இறுக்கமாகத்தானே இருக்கிறது என்று நினைத்து ஏமாந்தவர்கள் பலர். பீப்பாயைக் கூரைக்குள் வையுங்கள். வழியில்லையென்றால், இரண்டு மூடிகளும் கடிகாரத்தின் மூன்று மணி, ஒன்பது மணி இருக்கும் இடத்தில் வரும்படி படுக்கவைத்துவிடுங்கள். அப்போது மூடிகளின் மேல் தண்ணீர் தேங்க இடமில்லை. உங்கள் ஊரிலும் யாராவது முற்றத்தில் பீப்பாய் வைத்து அண்ணனுக்கு டீசல் கொடுக்கிறார்களா என்று விசாரியுங்கள். சந்தேகம் இருந்தால் கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் டீசலைப் பிடித்து ஒரு இரவு வைத்தால் போதும். தண்ணீர் கனமானது, அடியில் தனியாக நிற்கும்.

மூடியைத் திறந்தும் இன்ஜின் தேறவில்லை என்றால்? நிற்கும் விதத்தைக் கேட்டே பாதி சொல்லிவிடலாம். மெதுவாக ஓட்டினால் ஓடி, வேகம் கூட்டினால் மட்டும் அடங்கினால் ஃபில்டர் அடைப்பு. இருமி இருமி வெள்ளைப் புகை தள்ளி நின்றால் தண்ணீர். எந்தக் கணக்கும் இல்லாமல் ஏறி இறங்கினால் காற்று; ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே தற்காலிகமாக ஒளிபுகும் ஹோஸ் துண்டு ஒன்றைப் பூட்டிப் பார்த்தால் குமிழ் ஓடுவது கண்ணில் படும். அதற்குப் பிறகு டேங்கிலிருந்து ஒவ்வோர் இணைப்பாகப் பார்த்து வர வேண்டியதுதான். ஒரே ஓர் எச்சரிக்கை: நாசில் பக்கத்து நட்டைத் தளர்த்தும்போது பீய்ச்சும் டீசலுக்கு நேரே கையை நீட்டக்கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், உள்ளே விரலே அழுகிப்போகலாம். அப்படி நேர்ந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

உங்கள் ஊரில் மண்ணெண்ணெய், பெட்ரோலில் ஓடும் வெளிப்பொருத்து இன்ஜின் வைத்திருக்கிறவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். வள்ளத்தின் பின்புறம் மாட்டும் அந்த இன்ஜின்களுக்குத் தனியாக எடுத்து வைக்கும் டேங்கின் மூடியில் ஒரு சின்னத் திருகு உண்டு. தூக்கிச் செல்லும்போது மூடவும், ஓட்டும்போது திறக்கவும் வைத்தது. திறக்க மறந்தால் உங்கள் அண்ணன் கதைதான். ஹோஸின் நடுவே கையால் அமுக்கும் ரப்பர் பல்பு சப்பிப்போய்க் கிடந்தால், முதலில் அந்தத் திருகு மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அண்ணனிடம் மறக்காமல் சொல்லுங்கள்: நடுக்கடலில் இன்ஜின் நின்றால் முதல் வேலை ஸ்பேனரை எடுப்பது அல்ல. நங்கூரத்தைப் போட்டு வள்ளத்தை நிறுத்திவிட்டு, அதன் பிறகு மூடியைத் திறக்க வேண்டும். ஆபத்தென்றால் கடலோரக் காவல்படையின் இலவச எண் 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. இரண்டையும் வள்ளத்தின் பலகையில் பெயிண்டால் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

பம்புக்கென்று எடுத்து வைத்திருக்கும் பணத்தை இப்போதைக்குத் தொட வேண்டாம். அடுத்த முறை மூடியைத் திறந்தபோது 'உஸ்' கேட்டதா இல்லையா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.